காத்தது வீண்தானா?

ஒருவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டு ஒன்றைக் காப்பாற்றுகிறார். காப்பாற்றப்பட்ட அப்பொருள் பின்னொரு நாள் வேறொரு காரணத்தால் அழிந்துபோகிறது. அதனோடு அவரும் அழிந்துபோகிறார். இத்தகைய செய்தி ஒன்று நம் காதில் விழுமாயின், நம் நாவில் முதலில் எழும் சொல், 'அத்தனையும் வீணாயிற்றே!' என்பதாகத்தான் இருக்கும். நம் இல்லத்திலும் அச்சொல்லே எழுந்தது. அது சரியான சொல்தானா என்னும் ஐயம் அன்று தொட்டு நம்மை விடவில்லை. வாசக நேயர்களோடு அதனைப் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதத் துணிந்தோம்.

செய்தி வந்தது 2020 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரின் அருகே நம் மகள் குடும்பத்தோடு வாழ்ந்து வருகிறாள். தொலைபேசியில் அழைத்தவர் மருமகன். 'மாமா, நாம் நடந்து போனோமே, அந்தக் காடு எரிந்துவிட்டது' என்றார். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, 'அந்த மனிதரையும் காணவில்லையாம்' என்றார்.

எந்தக் காடு, எந்த மனிதர் என்று சொல்லியாக வேண்டும்.

2018 ஆம் ஆண்டு கோடையில் மகளைக் காணச் சென்றிருந்த நாம், ஒருநாள் குடும்பத்தோடு 'ஓபல் கிரீக்' என்னும் ஓடையைக் காணப் புறப்பட்டோம். நம் இல்லாளுக்கு முழங்கால் வலி. மலையேற்றம் என்றதுமே அஞ்சினார். 'ஏற்றமே இல்லை மாமி, ரோடு போலத்தான் இருக்கும்' என்று மருமகன் உறுதி கூறிய பின்னரே இசைந்தார். எலுமிச்சைச் சோறும் புதினாத் துவையலும் கட்டிக்கொண்டு, வைகறைத் தொழுகை முடித்துக் காரில் ஏறினோம்.

மாநிலத் தலைநகராகிய சேலத்தைக் கடந்து கிழக்கே மலைகளுக்குள் சென்றது வழி. (ஆம், அந்த நகரின் பெயரும் சேலம்தான். பெயர் ஒன்றாயினும் நம் சேலத்துக்கும் அதற்கும் உறவொன்றுமில்லை.) லிட்டில் நார்த் சாண்டியம் என்னும் சிற்றாற்றின் கரையில், ஓர் இரும்புக் கதவின் முன் சாலை முடிந்தது. அதற்கு அப்பால் கால்நடைதான். மருமகன் சொன்னது பொய்யன்று. அங்கிருந்து குளம் வரை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ மீட்டர் தொலைவு. பெரும்பகுதி வண்டி செல்லத்தக்க அகலமுள்ள பழைய சாலை. பாறை செங்குத்தாக இறங்கும் சில இடங்களில் மட்டும் மலையின் விலாவில் மரத்தாலான அரைப்பாலங்களைப் பொருத்தியிருந்தார்கள். அங்கே இல்லாளின் கையைப் பற்றிக்கொண்டு சுவரோரமாய் நடந்தோம். கீழே ஆறு ஓசையிட்டுக்கொண்டிருந்தது.

அந்த மரங்களை எப்படிச் சொல்வது? டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக், சிடார் என்று அவற்றின் பெயர்களைப் பேரன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தான். ஐந்நூறு ஆண்டுகள் கடந்தவை அவற்றுள் பல. இருவர் கைகோத்தாலும் அடங்காத அடிமரங்கள். உச்சியைப் பார்க்க நிமிர்ந்தால் தலைத்துணி நழுவுகிறது என்று மகள் சிரித்தாள். விழுந்து கிடந்த மரமொன்றின் மேல் பச்சைப் பாசி மெத்தைபோல் படர்ந்திருக்க, அதன் முதுகிலேயே வரிசையாக இளங்கன்றுகள் வேரூன்றி நின்றன. இறந்த மரம் இளையவற்றுக்குத் தோட்டமாகியிருந்தது. நம் ஊர்ப் பக்கத்துச் சோலைகளில் காணாத காட்சி அது. நெடுநேரம் அதனருகே நின்றோம்.

பாதிவழியில் பழைய மர அறுவை ஆலை ஒன்றின் துருப்பிடித்த இயந்திரங்கள் கிடந்தன. அதற்கும் அப்பால் ஜாபோன் பிளாட்ஸ் என்னும் சிறு குடியிருப்பு. 1930 ஆம் ஆண்டையொட்டிச் சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட மரவீடுகள். அதனைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் ஒரு மரப்பாலம். பாலத்தினடியில் பாறைகளுக்கிடையே ஓடை குறுகி விழுந்து, ஒரு குளமாகத் தேங்கி நிற்கிறது. தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம். ஆழமான இடத்தில் மட்டும் நீருக்கு ஒரு பச்சை. ஓபல் என்பது பல வண்ணம் காட்டும் மணிக்கல்லின் பெயர். அந்த நீரைக் கண்டுதான் பெயரிட்டார்கள் என்றே நினைத்தோம். உண்மையில் அது பழைய வனக்காவலர் ஒருவரின் மனைவியின் பெயராம். எதுவாயினும் பொருத்தமான பெயர்தான்.

அக்குளத்தில் ஒளுச் செய்தோம். பனியுருகிய நீர் முழங்கையைத் தொட்டதும் உடல் சிலிர்த்துப் பற்கள் கிட்டின. வாழ்நாளெல்லாம் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நாம், அங்கே ஏறத்தாழ வடக்கு நோக்கி நின்று லுஹர் தொழுதோம். உலகம் உருண்டை என்று பள்ளியில் படித்தது, அறுபது வயதுக்கு மேல் அன்றுதான் உடலுக்கு உறைத்தது. எலுமிச்சைச் சோற்றை உண்டு முடித்துப் பாறையில் சாய்ந்திருந்த வேளையில்தான், அருகே அமர்ந்திருந்த உள்ளூர் முதியவர் ஒருவர் மருமகனிடம் அந்த மனிதரின் கதையைச் சொன்னார்.

அவர் பெயர் ஜார்ஜ் அதிய்யே. பெயரைக் கேட்டதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அரபு மொழியில் 'அதிய்யா' என்றால் நன்கொடை என்று பொருள். சிரியாவிலிருந்து அங்குக் குடியேறிய கிறித்தவக் குடும்பம் அது. அவருடைய சிறிய தந்தை முறையினரான விக்டர் அதிய்யே 1979 முதல் 1987 வரை ஒரிகன் மாநில ஆளுநராயிருந்தவர். ஜார்ஜ், ஜாபோன் பிளாட்ஸில் சுரங்கத் தொழில் நடத்தியவர். விமானம் ஓட்டவும் வல்லவர். அந்தப் பள்ளத்தாக்கின் மரங்களை வெட்டி விற்க அரசின் வனத்துறை திட்டமிட்டபோது அதனை எதிர்த்து நின்றார். சுரங்க உரிமைகளைக் காட்டித் தடுத்தார். வழக்குமன்றம் ஏறினார். செய்தியாளர்களைத் தம் விமானத்தில் ஏற்றிச் சென்று, மொட்டையடிக்கப்பட்ட மலைகளையும் இந்தப் பசும் பள்ளத்தாக்கையும் மேலிருந்து காட்டினார். 1989 ஆம் ஆண்டில் ஓபல் கிரீக் நண்பர்கள் என்னும் அமைப்பு தோன்றியது. 1996 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை சட்டமியற்றி, ஏறத்தாழ 35,000 ஏக்கர் நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கியது. பல ஆண்டுகள் நடந்த போராட்டம் அது.

இதில் நாம் கவனித்த ஒன்றுண்டு. நாம் அன்று வலியின்றி நடந்து சென்ற அந்தச் சாலை, பொன்னும் வெள்ளியும் செம்பும் தேடி வந்தோர் பாறையை உடைத்துப் போட்ட சாலை. காட்டைத் தடுத்துக் காத்த உரிமையும் அதே சுரங்கத்தின் உரிமை. ஆசையினால் பிறந்த ஒன்று காவலாக மாறியது. இதனை எந்தக் கணக்கில் வரவு வைப்பதென்று நமக்குத் தெரியவில்லை.

இனி நெருப்புக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 16 ஆம் நாள் அந்தக் காட்டினுள் ஒரு சிறு தீ காணப்பட்டது. தீயணைப்போர் இறங்கி நிற்கவும் இயலாத செங்குத்துச் சரிவு. ஹெலிகாப்டர்களிலிருந்து நீர் கொட்டிப் பார்த்தார்கள். மூன்று வாரம் அது சிறு தீயாகவே கிடந்தது. செப்டம்பர் 7 ஆம் நாள் கிழக்கிலிருந்து வறண்ட சூறைக்காற்று எழுந்தது. ஓர் இரவில் சில நூறு ஏக்கர் நெருப்பு நூறாயிரம் ஏக்கரைத் தாண்டியது. அணையுமுன் எரிந்தது ஏறத்தாழ 1,93,000 ஏக்கர். கேட்ஸ், டெட்ராய்ட் (மோட்டார்க் கார் நகரமன்று, அதே பெயருள்ள சிற்றூர்) முதலிய ஊர்களின் வீடுகள் சாம்பலாயின. ஜாபோன் பிளாட்ஸ் குடியிருப்பு எரிந்தது. ஐவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் ஜார்ஜ் அதிய்யே. காட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத தம் வீட்டிலேயே அவர் முடிவு நேர்ந்தது. நாம் நடந்த பாதை மூடப்பட்டது.

'எத்தனை வருஷப் பாடு! எல்லாம் வீணாகப் போயிற்றே' என்றார் நம் இல்லாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நாம் அப்போது ஆமென்றுதான் சொன்னோம். பின்னர் அன்றிரவு படுக்கையில் புரண்டபோது, ஒரு மருத்துவர் நினைவுக்கு வந்தார். நாற்பது வயதில் மரணத்தின் வாயிலுக்குச் சென்ற ஒருவரை அவர் பிழைக்க வைக்கிறார். அந்த நோயாளி அறுபத்து நான்காம் வயதில் வேறொரு நோயால் மௌத்தாகிறார். மருத்துவரின் உழைப்பு வீண் என்று யாரேனும் சொல்வோமா? இடையிலிருந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் அவர் பெண்மக்களைக் கரையேற்றினார், பேரன் பேத்திகளைக் கண்டார். அதனை மருத்துவர் அளித்த கொடையென்றே கருதுவோம். 1996 க்கும் 2020 க்கும் இடையிலும் அதே இருபத்து நான்கு ஆண்டுகள்தாம். எத்தனை குழந்தைகள் அந்தச் சாலையில் நடந்தார்கள்! முழங்கால் வலியோடு நம் இல்லாள் நடந்தார். அந்த ஒரு பகல் அவருக்குக் கிடைத்ததை இனி எந்த நெருப்பும் திரும்பப் பெற முடியாது.

ஆயினும் இந்த உவமை நம்மை முழுமையாக அமைதிப்படுத்தவில்லை. மனிதன் இறப்பான் என்பது மருத்துவருக்குத் தெரியும். காட்டைக் காத்தவர்களோ, என்றென்றைக்கும் என்று சொல்லியல்லவா காத்தார்கள்? சட்டமும் அப்படித்தானே எழுதப்பட்டது? இங்கேதான் நாம் ஒரு செய்தியைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. டக்ளஸ் ஃபிர் என்னும் அப்பெருமரத்தின் கன்று அடர்ந்த நிழலில் செழித்து வளர்வதில்லை. அதற்கு வெயில் வேண்டும், திறந்த வெளி வேண்டும். அந்த மேற்குச் சரிவுகளில் அப்படிப்பட்ட திறந்த வெளியைப் பேரளவில் உண்டாக்குவது, சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை கிழக்குக் காற்றோடு வரும் பெருநெருப்பு. நாம் அண்ணாந்து பார்த்த ஐந்நூறாண்டு மரங்கள், ஏதோவொரு பழைய நெருப்பின் பிள்ளைகளாயிருக்க வேண்டும். அழியாதது என்று நாம் எண்ணியது நம் அறியாமை. காடு தன்னைப் பற்றி அப்படி ஒருபோதும் சொன்னதில்லை.

வெட்டப்பட்ட காடும் எரிந்த காடும் ஒன்றல்ல என்பதும் அப்போதுதான் தெளிவாயிற்று. வெட்டினால் மரம் லாரியேறிப் போய்விடுகிறது. எரிந்தால் கரிந்த மரம் அங்கேயே நிற்கிறது. மரங்கொத்தி அதில் பொந்து செய்கிறது. ஒருநாள் ஆற்றில் விழுந்து மீனுக்கு நிழலும் தேக்கமும் தருகிறது. மண்ணில் விழுந்தால், நாம் கண்ட அந்தப் பாசி படர்ந்த மரம்போல், கன்றுகளுக்குத் தாய்மடியாகிறது. நெருப்பும் எங்கும் ஒரே சீராக எரிவதில்லை. ஒரு பள்ளத்தை விழுங்கி அடுத்ததைத் தொட்டுவிட்டுப் போகும். ஆகவே, எரிந்தபின் அங்கே எஞ்சியிருப்பது ஒரு காடுதான், நாம் கண்ட காடன்று என்பது மட்டுமே வேறுபாடு. இந்த எண்ணத்தை மருமகனிடம் பகிர்ந்தபோது அவர், 'வீடிழந்தவர்களிடம் இதைச் சொல்ல முடியாது மாமா' என்றார். உண்மை. மரத்துக்கு ஐந்நூறு ஆண்டுக் கணக்கு, மனிதனுக்கு அது பொருந்தாது. நம் ஆறுதல் அவர்கள் வாசற்படிக்குச் செல்லத் தகுதியற்றது என்பதை ஒப்புக்கொண்டோம்.

இதனினும் வலிமையான மறுப்பு ஒன்றுண்டு. அதனை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. அந்தப் பகுதியின் ஊர்கள் மரத்தை நம்பி வாழ்ந்தவை. அதிய்யேயின் நெருங்கிய நண்பரே மரம் வெட்டும் தொழில் நடத்தியவர். காட்டின் பொருட்டு இருவரும் எதிரெதிர் அணியில் நின்றதைப் பற்றி 1993 ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளிவந்தது. 1990 இல் புள்ளி ஆந்தை அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான பறவையெனச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பின், அரசுக் காடுகளில் வெட்டு பெரிதும் குறைந்தது. அறுவை ஆலைகள் பல மூடின. அந்தத் தொழிலாளி இன்று கேட்கலாம்: 'எரியத்தான் போகிறதென்றால் அன்றே வெட்டவிட்டிருக்கலாமே? அம்மரம் யாருக்காவது வீடாகியிருக்கும். என் பிள்ளைகளுக்குச் சோறாகியிருக்கும். இன்று அது சாம்பலாகி யாருக்குப் பயன்?'

இக்கேள்விக்கு விரைந்து விடை கூறும் நாவை நாம் நம்புவதில்லை. பலநாள் எண்ணியபின் நமக்குத் தோன்றியது இது. 'எப்படியும் அழியப்போவதுதானே, ஆகவே இப்போதே பயன்படுத்திக்கொள்வோம்' என்னும் வாதத்துக்கு எல்லையில்லை. எப்படியும் இறக்கப்போகும் முதியவருக்கு மருந்தெதற்கு, எப்படியும் கணவன் வீடு போகும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்கும் குரலும் இதே குரல்தான். நம் வீடுகளில் ஒரு காலத்தில் அது ஒலித்ததை நாம் அறிவோம். அழியக்கூடியதாயிருத்தல் ஒன்றே அழிப்பதற்கு உரிமை தருமாயின், உலகில் எஞ்சுவது ஒன்றுமிராது. ஆதலின் வெட்டாமல் விட்டது சரி என்றே நாம் கொள்கிறோம். ஆனால், அத்தொழிலாளியின் கேள்வியில் மற்றொரு பாதி இருக்கிறது. காட்டைக் காத்ததால் வந்த இன்பம் நம்மைப்போல் காரில் வந்து ஒருபகல் உலவிச் சென்றோருக்கு. அதன் விலையோ ஆலை வாயிலில் நின்ற சில குடும்பங்களின் தலையில் விழுந்தது. சேலம் நகரத்தார் அந்த ஆற்றுத் தொகுதியின் நீரையே குடிக்கிறார்கள். அவர்களும் நாமும் அந்த விலையில் எவ்வளவு கொடுத்தோம்? எலுமிச்சைச் சோறு உண்ட பாறையில் இக்கேள்வி நம் மனத்தில் எழவேயில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

செய்தி வந்த சில நாட்களுக்குப் பின் நம் மூத்த மகன் ஓர் ஆறுதல் சொன்னான். உலகம் முடியும் வேளை வந்துவிட்டாலும், கையில் கன்று இருந்தால் அதனை நட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை நினைவூட்டினான். 'பிறகென்ன வாப்பா? பலனைப் பார்க்காமல் செய்ய வேண்டியதைச் செய்தார்' என்றான். அவ்வாக்கின் முன் நாம் தலைதாழ்ந்தோம். எனினும் அது எவரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதையும் எண்ண வேண்டும். கையில் கன்றை வைத்திருப்பவனை நோக்கிச் சொல்லப்பட்டது அது. நட்ட கன்று கருகியபின் கரையில் நிற்கும் நாம், 'அவர் கடமை முடிந்தது' என்று கையைத் தட்டிவிட்டு எழுந்து போவதற்கு அது சீட்டாகாது. அவர் கையில் கன்று இருந்தது. நம் கையில் என்ன இருக்கிறது என்று மகனிடம் கேட்டோம். அவன் விடை சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

அன்று குளக்கரையிலிருந்து புறப்படுகையில் பேரன் ஒரு கூழாங்கல்லை எடுத்து நம் சட்டைப் பையில் போட்டிருந்தான். எடுக்கலாகாது என்பதை அறிந்திருந்தும் அவன் ஆசைக்காக நாம் கண்டும் காணாதிருந்தோம். நீருக்குள் பசுமையாக மின்னிய அது, ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது வெறும் சாம்பல் நிறக் கல்லாயிருந்தது. இல்லாள் அதனை அலமாரியில் வைத்தார். நெருப்புச் செய்தி வந்த பிறகு, அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்கிறார் அவர். தபாலில் அனுப்பினால் எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டோம். அடுத்தமுறை மகள் ஊர் வரும்போது கொடுத்தனுப்பலாம், பாதை திறந்ததும் அவளே கொண்டுபோய்க் குளத்தில் போட்டுவிடட்டும் என்றார்.

கல் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.